குழலின் முறுக்கும் குண்டின் நீளமும்

1751ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் காலமானார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடும் பொறியியல் தலைவராக அவர் இந்தியாவுக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை ஊசல் ஒன்றினால் அளக்கும் முறையை 1742இல் வெளியிட்டவர் அவரே. வழவழப்பான குழலிலிருந்து செல்லும் உருண்டைக் குண்டு ஏன் குறி தவறுகிறது என்பதையும் அவர் ஆராய்ந்தார். குழலின் சுவரில் உரசிய குண்டு தாறுமாறாகச் சுழலத் தொடங்குகிறது. அச்சுழற்சியே அதனைக் காற்றில் ஒரு பக்கமாக வளைத்துச் செல்கிறது என்று அவர் கண்டார். ஆகவே குண்டு சுழலத்தான் வேண்டுமாயின், அது செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு ஒழுங்காகச் சுழலட்டும் என்பது அவர் முடிவு. குழலின் உட்புறத்தில் சுருளாகக் காடி வெட்டிய ரைபிள் துப்பாக்கியின் சிறப்பை விளக்கி, 1747இல் லண்டன் ராயல் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை அளித்தார்.

ரைபிள் வேண்டும் என்பதை ராபின்ஸ் கூறிவிட்டார். ஆனால் காடி எவ்வளவு முறுக்காக இருக்க வேண்டும் என்னும் வினா எஞ்சி நின்றது. அவ்வினாவிற்கு விடை காண மேலும் நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விடை தெரிந்த பின்னரும் அதனை மறந்ததால் நேர்ந்த இடர்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தொடர்ந்தன. தேசிய மாணவர் படையில் பணியாற்றும் ஆசிரியர்களும், துப்பாக்கிகளைப் பேணும் களப் பணியாளர்களும் இதனை அறிந்திருத்தல் நலம்.

இங்கே இரு சொற்களைப் பிரித்துக் கொள்ள வேண்டும். தோட்டா என்பது பித்தளைக் கூடு, மருந்து, குண்டு ஆகியவை சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்பது குழலை விட்டுப் பறந்து செல்லும் பகுதி மட்டுமே. குழலின் முறுக்கு, குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் எத்தனை அங்குலம் முன்னேறுகிறது என்பதனால் அளக்கப்படும். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது நெருங்கிய முறுக்கு. 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது தளர்ந்த முறுக்கு.

குண்டு ஏன் சுழல வேண்டும்?

அம்பு சுழலாமலே நேராகச் செல்கிறது. அதன் கனம் முனையில் இருக்கிறது. காற்றைத் தடுக்கும் இறகு பின்னால் இருக்கிறது. ஆகவே அம்பு சற்றே திரும்பினாலும், காற்று அதன் வாலைப் பின்னுக்குத் தள்ளி நேராக்கிவிடும். கூர்மூக்குக் குண்டின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. அதன் கனம் பருத்த பின்பகுதியில் மிகுதி. காற்றின் எதிர்ப்பு மொத்தமாகத் தாக்கும் புள்ளியோ மூக்கின் பக்கம் இருக்கிறது. எனவே குண்டு இம்மியளவு சாய்ந்தாலும், காற்று அச்சாய்வை மேலும் பெருக்கி, அதனைக் கவிழ்த்துவிடவே முயலும்.

இதனைத் தடுப்பது பம்பரத்தைச் சாயாமல் நிறுத்தும் அதே தத்துவமாகும். சுழலாத பம்பரம் ஆணியின் மேல் நில்லாது. வேகமாகச் சுழலும் பம்பரமோ, புவியீர்ப்பு அதனைச் சாய்க்க முயன்றாலும் விழாமல், தலையை மெல்ல வட்டமிட்டுக் கொண்டு நிற்கிறது. பம்பரத்துக்குப் புவியீர்ப்பு எப்படியோ, குண்டுக்குக் காற்றின் எதிர்ப்பு அப்படி. சுழற்சியின் வலிமை கவிழ்க்கும் விசையை வெல்லும் வரை குண்டு மூக்கை முன்வைத்துப் பறக்கும். வெல்லாவிடில் புரளும். புரண்ட குண்டு காற்றில் விரைவாக வேகம் இழக்கும். எங்கே சென்று விழும் என்று எவராலும் சொல்ல இயலாது.

வகுப்பறையில் இதனை எளிதில் காட்டலாம். வட்டமாக வெட்டிய தடித்த அட்டையின் நடுவே கூர்சீவிய மூங்கில் குச்சியைச் செருகிப் பம்பரமாக்குக. அட்டை குச்சியின் கீழ்முனைக்கு அருகில் இருக்கையில் மெதுவாகச் சுழற்றினாலும் அது நிற்கும். அட்டையைக் குச்சியில் மேலே நகர்த்திவிட்டுச் சுழற்றினால், முன்னைய வேகத்தில் அது விழுந்துவிடும். நிற்க வேண்டுமாயின் கூடுதலான வேகம் தேவைப்படும். உடல் நெடிதாக ஆக, கவிழ்க்கும் விசைக்கு நெம்புகோல் நீளுகிறது. நீண்ட குண்டுக்கும் நேர்வது இதுவே.

எடை ஒன்று, நீளம் வேறு

1853ஆம் ஆண்டின் என்பீல்டு ரைபிள் இந்திய வரலாற்றில் மறக்க முடியாத துப்பாக்கியாகும். கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவைப் பற்றி 1857இல் சிப்பாய்களிடையே எழுந்த கொதிப்பு இத்துப்பாக்கியின் தோட்டாவைப் பற்றியதே. அதன் குழல் விட்டம் 0.577 அங்குலம், குண்டின் எடை சுமார் 530 கிரெய்ன். முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலின் நீளம் 39 அங்குலமாதலின், குண்டு குழலுக்குள் அரைச் சுற்றே சுற்றியது. குண்டு குட்டையாகவும், அடிப்பகுதி குடைந்து கனம் முன்னே இருக்குமாறும் அமைந்ததால் அத்தளர்ந்த முறுக்கு ஒருவாறு போதியதாயிற்று.

அதே காலத்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜோசப் விட்வொர்த் என்னும் இயந்திரப் பொறியாளர், தம் இல்லத் தோட்டத்தில் 500 கஜ நீளமுள்ள மூடிய சுடுதளம் ஒன்றை அமைத்து, குழலின் முறுக்கைப் பலவாறு மாற்றிச் சோதனை செய்தார். அவருடைய குண்டும் 530 கிரெய்னே. ஆனால் குழலின் விட்டத்தை அவர் 0.451 அங்குலமாகக் குறைத்தார். அதே ஈயம் ஒடுங்கிய குழலுக்குள் செல்ல வேண்டுமாயின், குண்டு நீண்டாக வேண்டும். அதன் நீளம் விட்டத்தின் மும்மடங்கை எட்டிற்று. அத்தகைய குண்டை 78 அங்குல முறுக்கு தாங்காது என்பதைக் கண்ட அவர், 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் முறுக்கைத் தேர்ந்தார்.

1857இல் ஹைத் என்னுமிடத்தில் அரசினர் முன்னிலையில் இரு துப்பாக்கிகளும் ஒப்பிடப்பட்டன. 500 கஜத்தில் என்பீல்டு குண்டுகளின் சராசரி விலகல் சுமார் 27 அங்குலம்; விட்வொர்த் குண்டுகளின் விலகலோ சுமார் 4½ அங்குலம். எடை ஒன்றேயாயினும் நீளம் மாறியபோது முறுக்கும் மாற வேண்டியதாயிற்று என்பதே இச்சோதனையில் கற்க வேண்டிய பாடம்.

கிரீன்ஹில் தந்த கணக்கு

விட்வொர்த் சோதனையால் கண்டதை, 1879இல் கணக்காக வகுத்துத் தந்தவர் ஜார்ஜ் கிரீன்ஹில். இவர் உல்விச் நகரின் பீரங்கிப் படைக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கினார். அவருடைய வாய்பாடு பள்ளி மாணவனும் செய்யத்தக்கது. குண்டின் நீளத்தை அதன் விட்டத்தால் வகுக்க வேண்டும். வரும் ஈவைக் கொண்டு 150 என்னும் எண்ணை வகுக்க வேண்டும். கிடைக்கும் விடை, ஒரு சுற்றுக்கு எத்தனை விட்டத் தூரம் செல்லலாம் என்பதைக் கூறும். அதனை விட்டத்தால் பெருக்கினால் முறுக்கு அங்குலத்தில் கிடைக்கும்.

இந்தியப் படைகளும் காவல் துறையினரும் நெடுங்காலம் கையாண்ட 0.303 ரைபிளை எடுத்துக் கொள்வோம். அதன் ஏழாம் மார்க்குக் குண்டின் நீளம் 1.28 அங்குலம், விட்டம் 0.311 அங்குலம். 1.28ஐ 0.311ஆல் வகுக்க 4.12 வரும். 150ஐ 4.12ஆல் வகுக்க 36.4 வரும். இதனை 0.311ஆல் பெருக்க 11.3 அங்குலம் ஆகிறது. துப்பாக்கியின் உண்மையான முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தேவையைவிடச் சற்று நெருங்கிய முறுக்கே வெட்டப்பட்டுள்ளது. அந்த மிகை காப்புக்காக வைத்தது.

மாணவர் படையினர் பயிலும் 0.22 ரைபிளின் குண்டு நீளம் சுமார் 0.48 அங்குலம், விட்டம் 0.223 அங்குலம். கணக்கில் வருவது 15½ அங்குலம். வழக்கிலுள்ள முறுக்கு 16 அங்குலம். 7.62 மில்லிமீட்டர் வகைப் படைக்குண்டின் நீளம் 1.1 அங்குலத்துக்குச் சற்று மேல், விட்டம் 0.308 அங்குலம். கணக்கில் வருவது ஏறத்தாழ 12½ அங்குலம். வழக்கிலுள்ள முறுக்கு 12 அங்குலம். நூற்றாண்டு கடந்த ஓர் எளிய வாய்பாடு இத்தனை நெருங்கி வருவது வியப்புக்குரியது.

இவ்வாய்பாட்டிற்கு வரம்புகளும் உண்டு. அது ஈயம் நிறைந்த குண்டுக்கு உரியது. எஃகு முதலிய இலேசான பொருள் உள்ளே இருப்பின், இன்னும் நெருங்கிய முறுக்கு வேண்டும். நொடிக்கு 2,800 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் 150க்குப் பதிலாக 180 என்னும் எண்ணைக் கொள்வது வழக்கம். எடை, வேகம், காற்றின் வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொள்ளும் விரிவான வாய்பாடுகள் பின்னர் வந்தன.

வேகத்தைக் கூட்டினால் முறுக்கின் குறையை ஈடு செய்யலாமே என்று தோன்றக்கூடும். அது பெரும்பாலும் பயன் தராது. வேகம் கூடினால் சுழற்சி மிகும். ஆனால் காற்றின் கவிழ்க்கும் விசையும் அதே அளவில் மிகுந்துவிடும்.

எடை வேறு, நீளம் ஒன்று

முறுக்கைத் தீர்மானிப்பது குண்டின் எடையே என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஒரே விட்டமும் ஒரே வடிவமும் உடைய குண்டுகளில் எடை கூடினால் நீளமும் கூடுமாதலால் இவ்வெண்ணம் எழுந்தது. ஆனால் 0.303 ரைபிளின் வரலாறு இதனை மறுக்கிறது. 1888இல் இவ்வகைத் துப்பாக்கி ஏற்கப்பட்டபோது, அதன் குண்டு மொட்டை மூக்குடன் 215 கிரெய்ன் எடையுள்ளதாய் இருந்தது. 1910இல் வந்த ஏழாம் மார்க்குக் குண்டு 174 கிரெய்னே. எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் குழலின் முறுக்கு மாறவில்லை. மாற்றத் தேவையும் எழவில்லை. புதிய குண்டு கூர்மூக்குடையது; மூக்கின் உட்புறத்தில் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியம் வைக்கப்பட்டது; பின்னாளில் மரக்கூழ் போன்ற இலேசான பொருளும் அங்கே இடம்பெற்றது. எடை குறைந்தும் நீளம் ஏறத்தாழப் பழைய அளவிலேயே நின்றது. ஆகவே பழைய முறுக்கே பொருந்திற்று.

குளிர்ந்த காற்று கற்பித்த பாடம்

முறுக்கைப் பொருத்துவதில் குண்டும் குழலும் மட்டுமன்றி, இடையிலுள்ள காற்றும் மூன்றாவது பங்காளி ஆகும். இதனை அமெரிக்கர் 1963இல் உணர்ந்தனர். பின்னர் எம்.16 என்று பெயர் பெற்ற 5.56 மில்லிமீட்டர் ரைபிள், தொடக்கத்தில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் முறுக்குடன் செய்யப்பட்டது. அதன் 55 கிரெய்ன் குண்டு இதமான தட்பவெப்பத்தில் செவ்வனே பறந்தது. கடுங்குளிரில் சோதித்தபோதோ குண்டு நிலைகுலைந்தது. சோதனை வரம்பாகிய பாரன்ஹீட் அளவையில் சுழிக்குக் கீழ் 65 பாகை, சென்டிகிரேடில் சுழிக்குக் கீழ் 54 பாகை ஆகும்.

காரணம் எளியது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. அக்குளிரில் கடல் மட்டத்துக் காற்றின் அடர்த்தி, 15 பாகை வெப்பத்தில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 1.32 மடங்கு. குண்டைக் கவிழ்க்கும் விசையும் அதே மடங்கு கூடும். அவ்வாண்டு ஜூலையில் முறுக்கு 12 அங்குலத்துக்கு மாற்றப்பட்டது. நிலைத்த தன்மை முறுக்கின் நெருக்கத்தின் இருபடியைப் பொறுத்தது. 14ஐ 12ஆல் வகுத்து இருபடி கண்டால் 1.36 வருகிறது. காற்றின் அடர்த்தி 1.32 மடங்கு பறித்ததை, புதிய முறுக்கு 1.36 மடங்கு திருப்பித் தந்தது. மேற்கூறிய வாய்பாட்டில் 180 என்னும் எண்ணையும், சுமார் 0.75 அங்குலமாகிய அக்குண்டின் நீளத்தையும் இட்டால் 12 அங்குலமே விடையாக வருவதைக் காணலாம்.

இதிலிருந்து பனிமலைகளிலும் இதே இடர் உண்டு என்று முடிவு செய்துவிடக் கூடாது. லடாக்கின் லே நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரு பங்கே. சுழிக்குக் கீழ் 20 பாகைக் குளிரிலும் அங்குள்ள காற்று, இதமான கடற்கரைக் காற்றைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே மலையுச்சியில் குண்டு மேலும் உறுதியாகவே நிற்கும். அஞ்சத்தக்கது தாழ்நிலத்துக் கடுங்குளிரே.

பொருந்தினால் போதுமா?

1980இல் வட அட்லாண்டிக் ஒப்பந்த நாடுகள், பெல்ஜியத்தில் உருவான எஸ்.எஸ்.109 என்னும் 5.56 மில்லிமீட்டர்த் தோட்டாவைப் பொது அளவாக ஏற்றன. இதன் குண்டு 62 கிரெய்ன். உள்ளே எஃகு முனை வைக்கப்பட்டதால் சுமார் 0.9 அங்குலமாக நீண்டது. அதனுடன் பயன்படும் ஒளிக்குண்டு இன்னும் நீளமானது, 1.1 அங்குலத்தையும் தாண்டியது. அந்த நெடிய ஒளிக்குண்டையும் தாங்கும் பொருட்டே புதிய துப்பாக்கிகளுக்கு 7 அங்குல முறுக்கு விதிக்கப்பட்டது.

இங்கேதான் இடர் ஒளிந்திருந்தது. புதிய தோட்டாவின் பித்தளைக் கூடு பழைய கூட்டின் அளவே. அது 12 அங்குல முறுக்குள்ள பழைய எம்.16 துப்பாக்கியிலும் தடையின்றி நுழையும், வெடிக்கும், அடுத்த தோட்டாவும் தானே ஏறும். சுடுபவனுக்கு எக்குறையும் தென்படாது. ஆனால் குழலை விட்டு வெளிவந்த குண்டு புரளத் தொடங்கும். குறி பார்ப்பதில் வல்ல வீரனும் தன் கண்ணையும் கையையும் ஐயுறுவானேயன்றித் தோட்டாவை ஐயுறமாட்டான். போர்முனையில் அவ்வீரனின் உயிரே அந்தக் குண்டை நம்பியிருக்கிறது. எனவேதான் அமெரிக்கப் படையின் கையேடு, பழைய குழலில் புதிய தோட்டாவைப் போர் நெருக்கடியில் மட்டுமே, அதுவும் 100 கஜத்துக்கு உட்பட்ட தூரத்தில் மட்டுமே பயன்படுத்தலாம் என்று விதித்தது. துப்பாக்கிக்குள் பொருந்துவது வேறு. துப்பாக்கிக்குப் பொருந்துவது வேறு.

முறுக்கு மிகுந்தால் என்ன?

ஆயின் எல்லாக் குழல்களிலும் மிக நெருங்கிய முறுக்கையே வெட்டிவிட்டால் என்ன என்று வினவலாம். அதற்கும் விலை உண்டு. 0.303 குண்டு நொடிக்கு 2,440 அடி வேகத்தில் வெளிப்படுகையில், நொடிக்கு ஏறத்தாழ 2,900 சுற்றுச் சுற்றுகிறது. 55 கிரெய்ன் குண்டை நொடிக்கு 3,200 அடி வேகத்தில் 7 அங்குல முறுக்கிலிருந்து விட்டால், அது நொடிக்கு 5,400 சுற்றுகளையும் கடக்கும். அவ்வேகத்தில், வேட்டைக்கென மெல்லிய உறையிட்டுச் செய்த சில குண்டுகள் பறக்கும்போதே சிதறிவிடுவதுண்டு. குண்டின் கனம் நடு அச்சிலிருந்து மயிரிழை விலகியிருந்தாலும், மிகைச் சுழற்சி அக்குறையைப் பெரிதாக்கிக் காட்டும். சுழலும் திசையில் குண்டு சற்றே ஒதுங்கிச் செல்லும் இயல்பும் மிகும். எனினும் திண்ணிய உறையுள்ள படைக்குண்டுகளில் இக்கேடுகள் சிறியனவே. முறுக்கு மிகுவதால் துல்லியம் சற்றுக் குறையும். முறுக்கு குறைவதாலோ குண்டே கவிழும். எனவே ஐயம் எழும்போது நெருங்கிய முறுக்கின் பக்கம் சாய்வதே முறை.

களத்தில் அறியும் வகை

குழலின் முறுக்கை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. பொறுப்பான அதிகாரி முன்னிலையில், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். கைப்பிடி தாராளமாகச் சுழலும் துப்புரவுக் கம்பியின் முனையில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் செலுத்த வேண்டும். துணி காடிகளைப் பற்றிக் கொண்டதும், கம்பியின் மேற்பக்கத்தில் ஓர் அடையாளம் இட்டு, குழல் விளிம்பில் நிற்கும் இடத்தையும் குறித்துக் கொள்க. பின்பு மெல்லத் தள்ளினால் கம்பி சுழன்று கொண்டே செல்லும். அடையாளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மீண்டும் மேலே வருவதற்குள் கம்பி எத்தனை அங்குலம் சென்றது என்பதே முறுக்கு. குழல் குட்டையாயின் அரைச் சுற்றை அளந்து இருமடங்காக்கலாம். 0.303 ரைபிளின் குழல் சுமார் 25 அங்குலமாதலின், கம்பி அதில் இரண்டரைச் சுற்றுச் சுற்றும். துணி வழுக்காமல் இருந்ததா என்பதை அறிய மும்முறை அளந்து பார்த்தல் நன்று.

பொருத்தமின்மையைத் துளைகளே காட்டிக் கொடுக்கும். நேராகச் சென்ற குண்டு குறித்தாளில் வட்டமான துளை இடும். நிலைகுலைந்த குண்டு முட்டை வடிவிலோ, சாவித்துளை போன்று நீண்டோ துளை இடும். அத்தகைய துளை ஒன்று தென்பட்டாலும் சுடுதலை நிறுத்திவிட வேண்டும். புரளும் குண்டு சுடுதளத்தின் எல்லைக்குள் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. பின்னர்த் தோட்டாப் பெட்டியின் மீதுள்ள குறியீட்டைத் துப்பாக்கிக்கு விதித்த குறியீட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தேய்ந்த குழலும் இத்தகைய துளைகளை உண்டாக்கும். ஒரே தோட்டாவை வேறொரு நல்ல துப்பாக்கியில் சுட்டுப் பார்த்தால், பிழை குழலிலா குண்டிலா என்பது விளங்கிவிடும். பயிற்சி பெறும் மாணவனைக் கடிந்து கொள்வதற்கு முன் அவன் குறித்தாளிலுள்ள துளைகளின் வடிவத்தை நோக்குவது ஆசிரியரின் கடமையாகும்.

முறுக்கு என்பது குழல் செய்யப்படும் நாளிலேயே இரும்பில் எழுதப்பட்டுவிடுவது. பின்னர் அதனை மாற்ற இயலாது. மாற்றக்கூடியது தோட்டா ஒன்றே. ஆகவே கிடங்கிலிருந்து புதுவகைத் தோட்டா வரும்போதெல்லாம் அதன் விட்டத்தை மட்டும் பார்த்து அமையாமல், அதன் குண்டு எவ்வளவு நீளம், இக்குழல் அதனைத் தாங்குமா என்று கேட்டறிவதே பொறுப்புள்ள பணியாளர்க்கு அழகு.